வடியும் கண்ணும் பொறுமையும்

அல்லாஹுத்தஆலா மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளில் கண்ணீரும் ஒன்று. அது விழியை உலராமல் காக்கிறது. விழுந்த தூசியைக் கழுவுகிறது. வேலை முடிந்த கண்ணீர் வெளியேறவும் அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். மூக்கை ஒட்டிய இமை மூலையில், மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக இரு நுண்ணிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கண்ணீர் ஒரு சிறு பைக்குள் சென்று, அங்கிருந்து எலும்பினூடே செல்லும் குழாய் மூலம் மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், அழாமலே கண் வடியும். பையில் தேங்கிய நீர் நாளடைவில் சீழாகும். பிறந்த குழந்தைகளிடமும் இவ்வடைப்பு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். மருத்துவர் காட்டித் தரும் முறைப்படி கண் மூலையைத் தடவி அழுத்தி வருவது அதற்கு உதவும். ஆனால் நடுவயதுக்கு மேல் வரும் அடைப்பு அப்படித் தானாகத் திறப்பது அரிது. அது ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

எங்கள் பெரியம்மா பத்து ஆண்டுகள் இதோடு இருந்தார். முந்தானையால் இடது கண்ணைத் துடைத்தபடியே சமைப்பார், தொழுவார், ஓதுவார். கேட்டால், “அல்லாஹ் கொடுத்தது, ஸபுரா இருக்கணும்” என்பார். வீட்டாரும் அவருடைய பொறுமையைப் பெருமையாகப் பேசினார்கள்.

பிறகு அதே கண்ணில் புரை விழுந்தது. மருத்துவர் கண் மூலையை விரலால் அழுத்தினார், சீழ் வந்தது. “இந்தச் சீழ் இருக்கும்போது புரையை எடுத்தால் கிருமி விழிக்குள் புகுந்து கண்ணே போய்விடும். முதலில் இதைச் சரி செய்ய வேண்டும்” என்று திருப்பி அனுப்பினார். வீடு வந்த மகன், “ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா உம்மா?” என்று கேட்டார். “நீ ஒரு நாளாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், வாப்பா” என்றார் பெரியம்மா.

அந்தப் பத்து ஆண்டுகள் ஸபுரா? தவக்குலா? அல்லது நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்கு இழைத்த அநீதியா?

எந்த நோயை அல்லாஹ் இறக்கினாலும் அதற்கு மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்த செய்தி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அவர்கள் சொன்னதும் நாம் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், துன்பம் நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் போல உறுதியானவை, மருந்துகள் போலப் பலன் தரும் என்று எண்ணத்தக்கவை, வெறும் ஐயத்துக்குரியவை. உறுதியானதை விடுவது தவக்குல் அன்று. இரண்டாம் வகையை நாடுவது தவக்குலைக் கெடுப்பதும் அன்று என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வலிப்பு நோய் கொண்ட ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணமாகத் துஆச் செய்வதாகவும் அவர்கள் கூறினார்கள். அப்பெண்மணி பொறுமையையே தேர்ந்தார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. அப்படியானால் பொறுப்பதுதானே மேல்?

ஹதீஸை நன்றாகக் கவனியுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்தார்கள், தேர்ந்தவர் அவரே. பெரியம்மாவின் முன் இரண்டாவது வழியை யார் வைத்தோம்? செலவு, பயணம், அடுப்படி வேலை, ஆண் மருத்துவரிடம் முகம் காட்டும் கூச்சம் என்று எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, உள்ளே இருந்தவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தோம். பொறுமை என்பது ஒருவர் தாமே ஏற்பது. பிறர்மீது சுமத்தினால் அதற்குப் பெயர் பொறுமையல்ல, நம் சோம்பல்.

பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் இடமுண்டு.

இச்சிகிச்சை நம் முன்னோருக்குப் புதிதும் அல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, கண் மூலையில் ஏற்படும் இந்தப் புரையோடிய புண்ணுக்குச் சூடு வைத்துச் சிகிச்சை செய்யும் முறையைத் தம் நூலில் எழுதினார். 1904-இல் இத்தாலிய மருத்துவர் அத்தியோ தோத்தி, பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் புதிய வழி திறக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதன் அடிப்படையிலேயே அறுவை செய்கிறார்கள். மூக்கின் பக்கவாட்டில் சிறிதாகக் கீறியோ, தழும்பின்றி மூக்கின் உள்ளிருந்தோ செய்வதுண்டு. பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோயுள்ள காலத்தில் ஒளூ பற்றிய கவலை எழும். ஹனஃபி மத்ஹபில் நோயினால் வடியும் நீர் ஒளூவை முறிக்கும். தொழுகை நேரம் முழுவதும் இடைவிடாது வடிந்தால் அவர் உஸ்ருடையவராகி, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒளூச் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் கண்ணிலிருந்து வடிவது ஒளூவை முறிப்பதில்லை. ஆயினும் சீழ் நஜீஸ் ஆதலால் கழுவ வேண்டும். அறுவைக்குப் பின் சில நாட்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. ஒளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்தே. அந்நாட்களில் அதை விடுவதால் ஒளூ கெடாது. கடமையான குளிப்பு, குனிந்து ஸஜ்தாச் செய்வது ஆகியவற்றை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்க.

பெரியம்மாவுக்கு அறுவை நடந்தது. சில மாதங்களில் புரையும் எடுத்தாயிற்று. இப்போது குர்ஆனை விரித்தால் எழுத்து தெரிகிறது. பக்கத்தில் நீர் சொட்டுவதில்லை. ஓதும்போது எப்போதாவது கண் நனைகிறது. அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டோம்.

இன்றிரவு நம் வீட்டில் முந்தானையால் கண் துடைப்பவர் யாரேனும் உண்டா என்று பார்ப்போம். இருந்தால், அருகில் உட்கார்ந்து கேட்போம். வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஷிஃபாவையும், பிறர் துன்பத்தைக் காணும் கண்ணையும் தந்தருள்வானாக! ஆமீன்.