குருதியில் இருக்கிறதா குலம்?

மதுரைக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது நாகமலை. சமணர் வேள்வியில் தோன்றி ஊரை விழுங்க வந்த பாம்பு, பாண்டியனின் அம்பு பட்டு வீழ்ந்து மலையாயிற்று என்கிறது திருவிளையாடற் கதை. அம்மலையடியில், நாகமலை புதுக்கோட்டையைக் கடந்து தேனிச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் பல்கலை நகர். 1966 ஆம் ஆண்டில் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி அங்கே நிற்கிறது. மலையைப் பாம்பென்று சொன்ன கதை ஒருபுறம். மனிதனின் குருதித் துளியை எடுத்து, அவன் முன்னோர் வந்த வழியைத் தேடிய ஆய்வுக்கூடம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே வாழ்கிறோம் நாம். கதையை விட்டோம், அறிவியலைக் கொண்டோம் என்று பெருமையும் பேசுகிறோம். ஆனால் அறிவியலையே புதுக் கதையாக்கிவிடும் ஆபத்தை எண்ணிப் பார்த்தோமா?

எண்ண வைத்தது ஒரு வகுப்பறை. அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த நாள். கலைப் பட்டம் பெற்ற நாம், பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் நடத்த நேர்ந்தது. முன் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, உலகத்தின் முதல் மனிதனுடைய ரத்தம் எங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறதாமே? உசிலம்பட்டிப் பக்கம் கண்டுபிடித்தார்களாமே?" என்றான். அவன் தலை நிமிர்ந்தது. பின் வரிசையில் ஒரு தலை தாழ்ந்தது. ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசப்படவில்லை. ஆயினும் அவ்வகுப்பறை மேலென்றும் கீழென்றும் இரண்டாயிற்று.

"மனிதர் அனைவரும் 1000க்கு 999 பங்கு ஒன்றே" என்று நாம் விரைந்து விடை பகர்ந்தோம். தலை தாழ்ந்திருந்த அந்தச் சிறுவன் மெல்லக் கேட்டான்: "அப்படியானால் மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் சாதி இருக்கிறதா, ஐயா?"

அன்று அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது நின்றோம். அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் உண்மையை அறிவோம். நம் உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. அவற்றுள் சுருண்டு கிடப்பது டி.என்.ஏ. எனும் நீண்ட இழை. முறுக்கிய ஏணி போன்ற அதன் அமைப்பை 1953 ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் உலகுக்கு அறிவித்தனர். ரோசலிண்ட் பிராங்ளின் எனும் பெண் அறிஞரின் கூடத்தில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் அதற்கு வழிகாட்டியது. அவ்வேணியின் படிகள் நான்கே வேதிப்பொருள்களால் ஆனவை. அவற்றை நான்கு எழுத்துகள் என்று கொள்ளலாம். மும்மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். அச்சொற்களின் கட்டளைப்படி உடலின் புரதங்கள் உருவாகின்றன. இச்சொற்களுக்குப் பொருள் கண்டவர்களுள் ஒருவர், பஞ்சாபின் சிற்றூரில் பிறந்த அர் கோவிந்த் குரானா. அதற்காக 1968 இல் நோபல் பரிசு பெற்றார் அவர்.

இந்த மொழி யாருக்குரியது? ஓரணு நுண்ணுயிருக்கும், வயலில் நிற்கும் நெல்லுக்கும், ஆலயத்துள் நிற்பவனுக்கும், அவன் வெளியே நிறுத்தியவனுக்கும், சிற்சில சிறு விலக்குகள் நீங்கலாக, ஒரே மொழிதான்! ஓதும் உரிமை சிலருக்கே என்று வகுத்தவன் உடலிலும், ஓதக்கூடாது என்று தடுக்கப்பட்டவன் உடலிலும் இயற்கை ஒரே ஏட்டைத்தான் ஓதுகிறது.

இனி உசிலம்பட்டிச் செய்திக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், தமிழகத்துப் பல சமூகத்தாரின் குருதி மாதிரிகளைச் சேர்த்து ஆய்ந்தவர். அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்சும் அவரும் சேர்ந்து நடத்திய ஆய்வில், உசிலம்பட்டியை அடுத்த ஜோதிமாணிக்கம் எனும் ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் எம் 130 என்ற அடையாளம் காணப்பட்டது. 2002 இல் வெல்ஸ் வெளியிட்ட நூலும், அதையொட்டிய திரைப்படமும் இதை உலகறியச் செய்தன. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர் கடற்கரை வழியாக இந்தியாவைக் கடந்து ஆஸ்திரேலியா சென்ற நெடும்பயணத்தின் சுவடு அது என்றனர் ஆய்வாளர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடமும் அவ்வடையாளம் உண்டு.

அரிய கண்டுபிடிப்பு! மதுரை மண் மகிழத்தக்க உழைப்பு! ஆனால் ஊரார் அதை என்னவாக்கினர்? "முதல் மனிதன் எங்கள் சாதி" என்றாக்கினர். அது உண்மையா?

எம் 130 ஓர் ஊருக்கோ ஒரு சாதிக்கோ உரிய முத்திரை அன்று. மங்கோலியாவில் குதிரை மேய்ப்பவரிடமும் கசாக்கியரிடமும் அது மிகுதியாகவே உண்டு. மேலும் அது ஒய் குரோமோசோமில் உள்ள அடையாளம்; தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. இருபது தலைமுறை பின்னோக்கிச் செல்லுங்கள். தாய் தந்தையர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அவர்தம் பெற்றோர் எண்மர் என்று பெருகி, இருபதாம் தலைமுறையில் 10,48,576 இடங்கள் வந்துவிடும். ஒருவரே பல இடங்களை நிரப்பியிருப்பர் என்பது உண்மைதான். ஆயினும் அத்தனை இடங்களுள் ஒய் குரோமோசோம் சுட்டுவது ஒரே ஓர் இடத்தை! தாயைப் பற்றியோ, தாயின் தந்தையைப் பற்றியோ ஒரு சொல்லும் அது உரைக்காது. பெரும் ஆடையிலிருந்து ஒற்றை நூலை உருவிக்கொண்டு "ஆடையே எனது" என்று கூவலாமா?

சிறுவன் கேட்ட மிச்சத்துக்கு வருவோம். மனிதனின் மரபணு ஏடு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. ஆயிரத்தில் ஒன்று வேறுபட்டாலும் இருவர்க்கிடையே 30 இலட்சம் எழுத்துகள் மாறும். அம்மாற்றங்கள் எங்கே கிடக்கின்றன? 1972 இல் ரிச்சர்டு லெவான்டின் என்ற அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரே மக்கட் கூட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. அண்டை வீட்டானுக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ளது சிறிதே.

மாறிய எழுத்தில் உயர்வு தாழ்வு உண்டா? நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாளணுக் கூறு இருப்பது 1952 இல் அறியப்பட்டது. குருதிப் புரதத்துக்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது அது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவனை அது நோயாளியாக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவனைக் கொடிய மலேரியாவிலிருந்து காக்கும். ஒரே எழுத்து ஓரிடத்தில் பகை, ஓரிடத்தில் துணை. எதை உயர்வென்பது, எதை இழிவென்பது?

இன்னொன்று கேளுங்கள். இதயத் தசையின் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு பிழை உண்டு. இதயத் தசை நலிவுக்கு அது இடம் தரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராசும் பிறரும் 2009 இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டனர். இந்திய மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர் அப்பிழையைச் சுமக்கின்றனர். அது சாதி பார்த்து வரவில்லை. மொழி பார்த்தும் வரவில்லை. சேர்ந்து உண்ண மறுத்தவர்கள் ஒரே பிழையைச் சேர்ந்து சுமக்கிறார்கள்!

இவ்வளவு சொல்லி முடித்துவிட்டால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் பகுத்தறிவாளன் தனக்கு வசதியான உண்மையோடு நின்றுவிடலாகாது. மறுபக்கமும் உண்டு. பல்லாயிரம் எழுத்துகளைச் சேர்த்து நோக்கினால், ஒருவன் எந்த அகமணக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று ஆய்வாளரால் பெரும்பாலும் ஊகிக்க முடியும். "பார்த்தாயா, சாதி குருதியில் இருக்கிறது!" என்று வைதீகர் துள்ளக்கூடும். துள்ளுமுன் காரணத்தைக் கேட்கட்டும்.

1916 இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் அம்பேத்கர், சாதியின் உயிர்நிலை அகமணமே என்று ஆய்வுரை படித்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2013 இல், ஐதராபாத்து அறிஞரும் ஆர்வர்டு அறிஞரும் மரபணுக்களைக் கொண்டு காலக் கணக்குப் போட்டனர். ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டு மக்கள் பெரிதும் கலந்தனர், பின்னர்க் கலப்பு அருகியது, அகமணம் கதவடைத்தது. அதாவது, எல்லாரும் கலந்த குருதியினர். கலந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டவர்கள். சாதி குருதியில் பிறக்கவில்லை. மனிதன் சாத்திய கதவு, குருதியில் தன் தடத்தைப் பதித்தது. கைவிலங்கு நெடுநாள் கிடந்த மணிக்கட்டில் தழும்பு இருக்கும். தழும்பைக் காட்டி, விலங்கோடுதான் பிறந்தான் என்று வாதிடுவாரோ அறிவுடையார்?

சாத்திய கதவுக்கு விலையும் கொடுக்கிறோம். 2017 இல் வெளிவந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களை நோக்கியது. அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சிலரான முன்னோரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்து வந்தவை என்றது. அத்தகைய குழுவில் ஒரு மூதாதையின் பிழை ஒளிந்திருந்து, இருபுறமிருந்தும் ஒரு குழந்தையைச் சேரும் வாய்ப்பு மிகுகிறது. நெருங்கிய உறவில் மணந்தால் இன்னும் மிகுதி. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று; மாமன் மகன், அத்தை மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. "சொத்து வெளியே போகக்கூடாது" என்று கட்டிய தாலி, நோயையும் வெளியே போகவிடாமல் காக்கிறது.

இனி, கேள்வியின் அடிவேருக்குச் செல்வோம். மனிதர் சமம் என்பதை நாம் எதன்மேல் நிறுத்தியிருக்கிறோம்? 1000க்கு 999 என்ற கணக்கின்மேலா? அப்படியானால், நாளை ஓர் ஆய்வு 998 என்று திருத்தினால் சமத்துவத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்வோமா? இரு மனிதர்க்கிடையே ஆற்றலில் வேற்றுமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். விரைவாகக் கணக்குப் போடுபவனுக்கு இரண்டு வாக்கா? மெல்லக் கற்பவனுக்குத் தெருவில் நடக்கும் உரிமை பாதியா?

அன்று வகுப்பறையில் நாம் செய்த தவறு இதுவே. குருதியைக் காட்டித் தலை நிமிர்ந்தவனுக்கு, குருதியைக் காட்டியே விடை சொன்னோம். அவன் ஏறி நின்ற மேடையில் நாமும் ஏறினோம். 1936 இல் சாதி ஒழிப்புப் பற்றி எழுதிய அம்பேத்கர் இம்மேடையில் ஏறவில்லை. மனிதர் எல்லாவற்றிலும் ஒத்தவர் அல்லர் என்று எதிரி சொன்னால் சொல்லட்டும். ஆயினும் சமத்துவத்தையே ஆளும் நெறியாக ஏற்க வேண்டும் என்றார். சமத்துவம் ஆய்வுக்கூடத்தில் கண்டெடுக்கும் பொருளன்று. மனிதர் கூடி ஒருவர்க்கொருவர் தரும் உறுதி. குருதிச் சோதனை அதைத் தரவும் இல்லை, பறிக்கவும் இயலாது.

இம்மேடை எங்கே கொண்டு செல்லும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. நல்ல மரபு, கெட்ட மரபு என்று பிரித்து, 1907 இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் இயற்றியது. 1933 இல் இட்லரின் ஜெர்மனி அவ்வழியில் சட்டம் செய்து, ஏறத்தாழ 4 இலட்சம் பேரைப் பிள்ளைப்பேறு அற்றவராக்கியது. அதைச் செய்தவர் புராணிகர் அல்லர். பட்டம் பெற்ற மருத்துவர், அறிவியல் பெயர் சொன்னவர்!

ஆகவே, இளைஞர்களே, நம் வீட்டையும் சற்றுப் பெருக்குவோம். 2019 இல், அரியானாவின் ராக்கிகடியில் புதையுண்டிருந்த சிந்துவெளிப் பெண் ஒருத்தியின் மரபணுவில் புல்வெளி மேய்ப்பர் கூறு இல்லை என்ற ஆய்வு வந்தபோது, நம்மவர் பலர் மகிழ்ந்தோம். வரலாற்றுப் புரட்டை மறுக்க அது சான்றெனில், சான்றாகவே கொள்வோம். ஆனால் முன்னே வந்தவன் உயர்ந்தவன், பின்னே வந்தவன் தாழ்ந்தவன் என்று அதிலிருந்து ஒரு வரி எழுதினாலும், நாம் எதிர்த்த நூலின் அடுத்த பக்கத்தை நாமே எழுதியவராவோம். பிறப்பால் உயர்வு கேட்பவன் எவனாயினும், கேட்கும் குரல் ஒன்றே.

1967 இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தரும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மந்திரமின்றி, புரோகிதரின்றி, இரு மனங்கள் ஒப்பினால் போதும் என்றது அது. அங்கே யாரும் குருதியைச் சோதிக்கவில்லை. நல்ல மரபணு வேண்டிச் சாதி கடந்து மணக்கச் சொல்லவும் இல்லை நாம். மணக்கும் உரிமை மணப்போருடையது. அதுவே போதும் காரணம். கதவு திறந்தால் உடல்நலமும் உடன் வருமாயின், வரவேற்போம்.

மறுமுறை அவ்வகுப்புக்குச் சென்றபோது, பின் வரிசைச் சிறுவனை அழைத்து விடை சொன்னோம். "அந்த மிச்சத்தில் உன் மூக்கின் வடிவம் இருக்கலாம், உன் பாட்டன் நடந்து வந்த வழி இருக்கலாம், உன் இதயத்தின் பிழையும் இருக்கலாம். உன் மதிப்பு அதில் இல்லை. அதை அதில் தேட யாருக்கும் உரிமையும் இல்லை."

அவன் ஒன்றும் பேசவில்லை. முன் வரிசை மாணவன்தான் கேட்டான்: "அப்போ எனக்கும் அப்படித்தானா, ஐயா?"

"உனக்கும் அப்படித்தான்" என்றோம். அவன் முகம் சற்று வாடியது. வாடட்டும்! ஒரு தலை தாழாதிருக்க, இன்னொரு தலை பொய்யாக நிமிராதிருக்கவும் வேண்டும். அப்பாடத்தை அவனுக்குக் கற்பிக்குமுன், நாம் கற்போம்.