கேட்காத மரியாதை

திருகோணமலையில் வயதுபோன ஒருவரின் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக வரும் மறுமொழி ஒன்றுதான்: “விடுங்கோ, எழுபது தாண்டின மனிசன், இனி என்னத்தைத் திருத்தப் போறியள்?” இளையவன் குடித்தால் ஊர் கூடும், பள்ளிக்கூடத்தில் கருத்தரங்கு நடக்கும். சட்டமும் அந்தப் பக்கமே பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரங்களைத் தடைசெய்தது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும் தடுத்தது. மேல்வயதைப் பற்றி அது பேசவில்லை, பேசவும் நியாயமில்லை. எழுபது வயதுக்காரர் முழு உரிமையுள்ள மனிதர். அந்த உரிமையை மதிப்பவரும் அவரைக் கைவிட்டவரும் வெளிப்பார்வைக்கு ஒரேமாதிரி வாய்மூடி இருப்பதுதான் சிக்கல்.

துறைமுக ஊரில் குடிக்குத் தொழிலே கடிவாளமாக இருந்து வந்திருக்கிறது. கொட்பேயிலிருந்து விடியப்புறம் படகேறுகிறவர், கரைவலைக் கயிறு பிடிக்கிறவர், சீனன்குடா மாவாலையில் காலை முறைக்குப் போகிறவர் எல்லோருக்கும் இரவின் அளவை மறுநாள் காலைதான் தீர்மானித்தது. (1957 வரை இங்கே தளம் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையும் மாலுமிக்கு ரம்மை அளந்தே ஊற்றியது, அந்த வழக்கத்தை அது 1970இல்தான் விட்டது.) படகு மகன் கைக்குப் போனதும் விடியப்புறம் எழும்பும் தேவை போய்விடுகிறது. உடம்பு நோவுக்கென்று தொடங்கிய பழக்கம் மட்டும் ஓய்வு பெறாமல் நிற்கிறது. முதுமையில்தான் தொடங்குகிறவர்களும் உண்டு. மனைவி போனபின், 2004 சுனாமியிலோ போரிலோ பிள்ளையைப் பறிகொடுத்தபின், சண்டையால் சம்பூரை விட்டு 2006இல் வெளிக்கிட்டு ஆண்டுக்கணக்காகக் கொட்டிலில் கிடந்தபின் தொடங்கியவரிடம் போய் ஒழுக்கம் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

“முந்தியும் இந்த அளவுதானே குடிச்சவர்” என்று வீட்டார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உடம்புதான் முந்தியதல்ல. வயது ஏற ஏற உடலின் நீர் குறைகிறது, ஈரலின் வேகம் தளர்கிறது. அதே அளவு சாராயம் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது. 180 மில்லிலீற்றர் கால் போத்தலில், செறிவு 33 சதவீதத்தை ஒட்டியதென்று வைத்தால், ஏறத்தாழ 47 கிராம் மதுசாரம் இருக்கும். 65 வயதைத் தாண்டியவருக்கு அமெரிக்க மருத்துவ நிறுவனமொன்று முன்பு வகுத்த மேலெல்லை வாரத்துக்கு 98 கிராம். இரவுக்கொரு கால் போத்தல் என்றால் இரண்டு இரவில் அது ஏறத்தாழ முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனமோ 2023இல் பாதுகாப்பான அளவென்று எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டது. களவாகக் காய்ச்சும் கசிப்புக்கு இந்தக் கணக்கும் கிடையாது; அதன் செறிவு காய்ச்சியவருக்கே தெரியாது.

இதற்குமேல் குளிசைகள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர் இராச்சாப்பாடு இல்லாமல் குடித்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்க்கும், நா குழறும், கண் சொருகும். பார்ப்பவர்கள் வெறி என்று நினைத்துப் பாயில் கிடத்திவிட்டுப் போவார்கள். அந்த மனிதர் காலையில் எழும்பாமல் போனால், அதை அவருடைய சுதந்திரத்தின் விலை என்று எவராலும் சொல்ல முடியுமா? அவருக்கு அந்த ஆபத்தை ஒருவரும் சொல்லவே இல்லையே.

பிள்ளைகள் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, “அப்பா ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்கோ” என்று விடுவது. பாசம் கலந்த வழிதான்; ஆனால் தொலைபேசியில் அவரோடு அரைமணி நேரம் பேசுவதைவிட அது மலிவு. மற்றது, பென்சன் புத்தகத்தைப் பறித்து வைப்பது. நாற்பது ஆண்டு உழைத்தவர் ஐம்பது ரூபாய்க்கு மருமகளிடம் கை நீட்டுவார். குடி நிற்காது, கடன் தொடங்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதையே சொல்ல வேண்டும். முதலாவது அவரைத் தனியே விடுகிறது. இரண்டாவது அவர் பொருளைப் பறித்துவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் சூட்டுகிறது.

திடீரென்று நிறுத்துவதில் இன்னொரு கேடு இருக்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் ஒரேயடியாக மறித்தால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். முதியவரில் இதை மூளைப் பிசகு என்றோ பேய்க்குணம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். கவனிக்காவிட்டால் உயிரும் போகும். போத்தலை உடைத்து ஊற்றும் மகனின் கோபம் நியாயமானதாக இருக்கலாம். மருத்துவரைக் கேளாமல் செய்தால் அது கொலைக்கருவியும் ஆகலாம்.

செய்ய வேண்டியது இவற்றைவிடச் சிறியது, ஆகவே கூச்சம் மிகுந்தது: கேட்பது. கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறார்கள், கொப்பியில் எழுதுகிறார்கள்; “ஐயா, எவ்வளவு எடுக்கிறனீங்கள்?” என்ற கேள்வி மரியாதைக்காக விழுங்கப்படுகிறது. குடியையே பாவமென்று கொள்ளும் வீட்டில் பிறந்தவருக்கும், ஒளித்துக் குடிக்கும் மூதாட்டிக்கும் அந்த மௌனம் இன்னும் கனம். கேட்டு, உள்ளதை முழுதாகச் சொல்லி, வழியும் காட்டியபின் ஒருவர் குடிப்பதாகவே முடிவெடுத்தால் அது அவர் முடிவு. அதற்கு முன்னால் அதை முடிவு என்றே சொல்ல இயலாது.

அந்த முடிவுக்கும் எல்லை உண்டு. எழுபத்தைந்து வயதுக்காரரை வாசலில் இருந்து தூக்கிவந்து கழுவிப் படுக்கவைப்பவள் எழுபது வயது மனைவி. அவள் இடுப்பும் கிழடுதான். அடியும் ஏச்சும் இருந்தால் 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்க வழி வைத்திருக்கிறது. இந்த வயதில் புருஷனுக்கு எதிராக எந்தக் கிழவி கோட்டுப்படி ஏறுவாள்? “பாவம், விடுங்கோ” என்று ஊர் அவருக்குக் காட்டும் இரக்கத்தின் செலவை அவள்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக, மிகக் கடினமான ஆள்: பிள்ளைகளின் சிறுபராயம் முழுக்கக் குடித்து அடித்தவர், இப்போது நடக்கமாட்டாமல் அதே பிள்ளைகளை எதிர்பார்த்திருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. மறுத்தால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். சோறும் மருந்தும் கிளினிக்குக்கு வாகனமும் அவரிடம் அடிவாங்கி வளர்ந்த மகளும் கொடுக்க வேண்டியவை, ஏனென்றால் அவை எந்த இயலாத மனிதருக்கும் உரியவை. மன்னிப்பு அந்தக் கணக்கில் சேராது. தன் பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அவருக்குப் பாய் போட வேண்டும் என்றும், சாராயத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றும் அவளிடம் கேட்க சட்டத்துக்கும் உரிமையில்லை, உறவினருக்கும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்து, நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு அனுப்பி, முகம் காட்டாமலே இருந்தாலும் அவள் தன் கடமையைச் செய்தவள்தான்.