காட்சியும் கல்வியும்: கேளிக்கைப் பூங்காக்களில் ஓர் அறச்சிக்கல்

கேளிக்கைப் பூங்காக்களில் விலங்குகளைக் காட்டுதல் காட்டுயிர்ப் பாதுகாப்புக் கல்வியாகுமா என்பது ஆராயத்தக்கது. நேரிற் கண்டாலன்றிக் குழந்தைகளிடம் பரிவு தோன்றாது என்பர் ஆதரிப்போர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், கட்டளைக்குத் துள்ளும் டால்பின் புலப்படுத்துவது தன் இயல்பையன்று, மனிதனின் ஆணையையே. டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2013இல் இந்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியமை இங்குக் கருதத்தக்கது.

பீகாரில் 1991இல் அமைக்கப்பட்ட விக்கிரமசீலா சரணாலயத்தில் கங்கை டால்பின் மூச்சுவிட மேலெழுந்து கணத்தில் மறைகிறது. கரையில் நிற்போர் காத்திருத்தல் வேண்டும். காணாமலே திரும்பவும் நேரலாம். அவ்வுயிர் நமக்காக வாழவில்லை என்பதை அந்த ஏமாற்றமே உணர்த்துகிறது. நம் விருப்பத்திற்கு இணங்காத உயிரின் வாழ்வையும் மதிப்பதே பாதுகாப்பின் அறம். இதனைக் கற்பிக்காத காட்சி எத்துணை இனிதாயினும் கல்வியாகாது எனலாம்.