முத்திரிக்கிணறு கற்பிக்கும் தர்மம்

அய்யா உண்டு.

சுவாமித்தோப்புத் தலைமைப்பதிக்கு வருகிறவர்கள் முதலில் போவது முத்திரிக்கிணற்றுக்கு. அங்கே இறைத்த நீரில் நனைந்த பிறகே பதிக்குச் செல்வது வழக்கம். திருவிழாவின் எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்கு எழுந்தருள்வதும் இந்தக் கிணற்றங்கரைக்குத்தான்.

கிணற்றுக்கு ஏன் இத்தனை சிறப்பு? அய்யா வைகுண்டர் கொல்லம் 1008 மாசி 20-இல் (1833) அவதரித்த காலத்தில், திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோர் பொதுக்கிணற்றை நெருங்க முடியாது. தாகம் எல்லாருக்கும் ஒன்று. தண்ணீர் மட்டும் சாதிக்கொன்று. அந்த நாளில் அய்யா எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்று நீரில் குளிக்க வைத்தார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். மனிதரை மனிதர் விலக்கிய கலி அங்கேதான் வேட்டையாடப்பட்டது.

அந்தக் கரையில் நின்று நீர் இறைத்துக் கொடுப்பது பெரும் பணிவிடை. இறைக்கிறவர் எதிரே நிற்பவரின் ஊரையோ குலத்தையோ கேட்பதில்லை. தலையில் விழும் நீரும் பார்ப்பதில்லை. நனைந்தவர் நன்றி சொல்லிக் குனிய வேண்டியதுமில்லை.

இந்தப் பணிவிடையே பதியை விட்டு ஊர்களுக்கும் நடந்தது. அய்யாவின் காலத்திலேயே எழுந்த நிழல்தாங்கல்கள் கும்பிடும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை. பசித்தவருக்குச் சோறும், பிள்ளைகளுக்கு எழுத்தும் அங்கே கிடைத்தன. இன்று தாங்கல்களில் நடக்கும் அன்னதர்மமும், கோடையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செய்யும் உதவியும் முத்திரிக்கிணற்று வாளியிலிருந்து வழிந்த நீர்தான்.

ஆனால் கலி சும்மா இருப்பதில்லை. கிணற்றங்கரையில் தோற்றது, தர்மச் சட்டியின் ஓரத்தில் வந்து உட்காரும். "இது எங்கள் உபயம்" என்று பலகை எழுதும். பலகையில் அய்யாவின் நாமத்தைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாகும். "முதல் மரியாதை யாருக்கு?" என்று சண்டை மூட்டும். கட்டட வேலைக்கு வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளி வரிசையில் நின்றால், "இவன் நம்ம ஆளா?" என்று கேட்க வைக்கும். அப்படிக் கேட்ட வாய்தான் அன்று நம் முன்னோரைக் கிணற்றிலிருந்து விரட்டியது. அதே கேள்வி இன்று நம் வாயில் வந்தால், தாங்கல் இருக்கும்; தர்மம் இராது.

காணிக்கை வேண்டாம் என்றவர் அய்யா. வாங்காமல் கொடுத்தவரின் பிள்ளைகள், புகழை மட்டும் கூலியாக வாங்கலாமா?

ஆகவே தாங்கலில் ஒரு நற்பணி தொடங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: இதை வாங்க வருகிறவர் தலை நிமிர்ந்து வர முடியுமா? முடியுமானால் அது முத்திரிக்கிணற்றுப் பணிவிடை. வருகிறவர் கூனிக் குறுக நேர்ந்தால், உம்பான்சோறு எவ்வளவு பொங்கினாலும் அது அய்யாவின் பந்தி ஆகாது.

கொடுக்கும் கை தாழட்டும். வாங்கும் தலை நிமிரட்டும்.

அய்யா உண்டு.