முகமும் பண்பும்

கற்பனை மாந்தரை நேசிப்பது வேறு. அவர்மீது உடைமை கொண்டாடுவது வேறு. சுவைஞர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவர்.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரில், ஸ்போக் என்னும் பாத்திரமாகவே வாழ்ந்து காட்டியவர் லெனார்டு நிமோய். 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அப்பாத்திரம் சக்காரி குவின்டோ என்னும் இளைய நடிகரிடம் சென்றது. பழைய முகத்தில் பழகிய உள்ளம் புதிய முகம் கண்டு வருந்துதல் இயல்பே. எனினும், அவ்வருத்தமே தடையாணை ஆகிவிடுமோ? பாத்திரத்தை ஒரு முகத்தோடு பிணைத்துவிட்டால், அம்முகத்தோடு அதுவும் மாய வேண்டுமன்றோ? கூத்துக் களரியில் அர்ச்சுனன் வேடம் தலைமுறைதோறும் கைமாறுகிறது, அர்ச்சுனன் மாறுவதில்லை.

சுவைஞர் கேட்கத்தக்கது ஒன்றுண்டு; அது பண்பு பிறழாமை. அறிவுக்கும் உணர்ச்சிக்கும் இடையே ஊசலாடும் நெஞ்சமே ஸ்போக். அந்நெஞ்சம் சிதைக்கப்பட்டால் கண்டிப்பது அவர்தம் கடமை. முகம் மாறியதற்காகவே கண்டிப்பதோ, அன்பின் பெயரால் செலுத்தும் ஆதிக்கம்.

அதே திரைப்படத்தில் முதிய ஸ்போக்காக நிமோயே தோன்றி, இளைய ஸ்போக்கை எதிர்நின்று வாழ்த்துகிறார். 2015இல் அவர் மறைந்தார், பாத்திரம் மறையவில்லை. முகத்துக்குரியவரே வழிவிட்டபின், சுவைஞர் வழிமறித்து நிற்றல் முறையாகுமோ?