பிரிவும் பேரமும்

“போகிறோம்!” என்று கூறுவதற்கு ஒரு சொல் போதும். “எப்படிப் போகிறீர்? எதை எடுத்துக்கொண்டு போகிறீர்? யாரை விட்டுவிட்டுப் போகிறீர்?” என்று கேட்டாலோ, ஓராயிரம் சொற்களும் போதா. கூட்டுக் குடும்பத்திலே பாகம் பிரிக்கும்போது நாம் காண்பதுதானே இது! நிலத்துக்குப் பங்கு உண்டு. கிணற்றுக்கு முறை உண்டு. அண்டா குண்டாவுக்குக்கூடக் கணக்கு உண்டு. திண்ணையிலே இருமிக்கொண்டு கிடக்கும் பாட்டியை யார் வைத்துக் காப்பாற்றுவது என்ற பேச்சு எழும்போது மட்டும், பஞ்சாயத்தார் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவர்!

நாடுகளும் பாகம் பிரிந்துகொள்கின்றன. அங்கும் திண்ணை உண்டு, பாட்டி உண்டு. பிரிந்து வாழும் உரிமை மக்களுக்கு உண்டு. அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால், பிரிவதற்கான பேரத்தைப் பேசி முடிக்கும் உரிமை யாருக்கு? அந்தப் பேரம் அறமானதா, அன்றா என்று எந்தக் கோல்கொண்டு அளப்பது? இதுவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். விலகுக என்றோர் 51.9 விழுக்காடு, இருக்க என்றோர் 48.1 விழுக்காடு. தீர்ப்புக் கிடைத்துவிட்டது. ஆனால், எந்த வகை விலகல்? வாக்குச்சீட்டிலே அந்தக் கேள்வியே இல்லை! பிரதமர் தெரசா மே அம்மையார், 2018 நவம்பரில் ஓர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்தார். 2019 ஜனவரி 15-இல் பார்லிமெண்டு அதனைத் தூக்கி எறிந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. மீண்டும் கொண்டுவந்தார், தோற்றது. மூன்றாம் முறையும் கொண்டுவந்தார்; தோற்றது. அவையினர் தாமே எட்டு வழிகளை எடுத்துவைத்து மார்ச் 27-இல் வாக்கெடுத்தனர். எட்டுக்கும் ‘இல்லை’ என்பதே விடை! வேறொரு பிரதமர் வந்து, வேறோர் ஒப்பந்தம் பேசி, 2020 ஜனவரி 31-இல்தான் விலகல் நடந்தேறியது.

உலகையே கட்டியாண்டவர்கள் ஒரு வாசற்படியைத் தாண்டத் தெரியாமல் திகைத்தனரே என்று நகைத்தவர் உண்டு. நகைப்பதற்கு முன், நாம் நினைத்துப் பார்க்கவேண்டிய நாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டனுக்கு வந்த அதே திகைப்பு, அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்னரே, அதே பிரிட்டனின் பிடியில் இருந்த அந்த நாட்டுக்கும் வந்தது. அங்கே நடந்த பாகப்பிரிவினையில் பாதிக்கப்பட்டவர் நம் மக்கள். அந்த நாடு, பர்மா!

மூன்று போர்களிலே பர்மாவைத் துண்டு துண்டாக விழுங்கிய ஏகாதிபத்தியம், 1886-இல் அதனை இந்தியாவின் ஒரு மாகாணமாக ஒட்டிவைத்தது. ஒட்டியபோது பர்மியரைக் கேட்டனரா? இல்லை. இந்தியரைக் கேட்டனரா? அதுவும் இல்லை. ஒட்டியபின் கப்பல் கப்பலாகச் சென்றனர் நம்மவர். வட்டிக்குக் கொடுக்கச் சென்றவர் சிலர். மூட்டை சுமக்கச் சென்றவர் பலர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இரங்கூன் நகர மக்களிலே பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்!

பர்மிய உழவன் இதனை எப்படிப் பார்த்திருப்பான்? உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல்விலை விழுந்தது, கடன் விழவில்லை. 1930-இல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1937-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து! உழுதவன் கையிலிருந்து வயல் நழுவிற்று. ‘பிரிந்து போவோம்’ என்று அவன் எண்ணியிருந்தால், குற்றம் அவனுடையதா? கொடுத்தவன் தமிழன் என்பதற்காக வட்டி இனிக்குமா?

துறைமுகத்திலோ வேறு காட்சி. 1930 மே மாதம், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர் தெலுங்குத் தொழிலாளர். அவர்களுடைய இடத்தில் பர்மியரை அமர்த்தினர் முதலாளிகள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியே அனுப்பினர். ஏழையும் ஏழையும் மோதிக்கொண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முதலாளியின் கப்பல் மட்டும் குறித்தபடி புறப்பட்டது!

இந்தச் சூழலில்தான், பர்மாவைப் பிரிக்கலாம் என்றது 1930-இல் சைமன் கமிஷன். முடிவு பர்மிய மக்களுடையது என்றது பிரிட்டன். 1932 நவம்பரில் தேர்தல் நடந்தது. வென்றவர் யார்? பிரிவினையை எதிர்த்தவர்! அவர்களுக்கு 42 இடங்கள், ஆதரித்தவர்க்கு 29. இந்தியாவின்மேல் கொண்ட காதலா காரணம்? அன்று. தனியே பிரித்து வைத்துவிட்டு, இந்தியாவுக்குத் தரும் உரிமைகளைக்கூட நமக்குத் தரமாட்டான் வெள்ளையன் என்ற ஐயமே காரணம். பிரிவை அல்ல, பேரத்தை மறுத்தனர் மக்கள்.

தேர்தலுக்குப் பின், அந்த ஆண்டு டிசம்பரில், பர்மியச் சட்டசபை என்ன முடிவு செய்தது தெரியுமா? நீங்கள் கூறும் நிபந்தனைகளின் பேரில் பிரிவு வேண்டாம். இந்தியாவோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படவும் வேண்டாம்! 2019-இல் இலண்டன் அவை எட்டு முறை கூறிய ‘இல்லை’யை, 1932-இலேயே இரண்டு முறை கூறிவிட்டது இரங்கூன்! முடிவு செய்ய முடியாத மூடர்கள் என்று அவர்களை எள்ளுவது எளிது. நாம் எள்ளமாட்டோம். இரண்டு வாயிலையும் காட்டி, எந்த வாயிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக் காட்ட மறுத்தால், அறிவுள்ளவன் எந்த வாயிலில் நுழைவான்?

விடையளிக்காத இலண்டன், 1935-இல் சட்டம் செய்தது. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா பிரிந்தது. பிரிவினையை எதிர்த்து வென்ற தலைவர்களுள் ஒருவரான டாக்டர் பா மா அவர்களே, பிரிந்த பர்மாவின் முதல் பிரதமரானார்! இணைத்தபோது கேட்கவில்லை. பிரிக்கும்போது கேட்டனர், கேட்டுவிட்டு, விடையைக் கிழித்துப்போட்டனர்.

பேரத்தின் உள்ளடக்கத்தையும் பார்ப்போம். பர்மா இந்தியாவுக்குத் தரவேண்டிய கடன் எவ்வளவு என்று கணக்கிட நடுவர் குழு அமர்ந்தது. வணிகத்துக்குச் சில ஆண்டுத் தவணை வகுக்கப்பட்டது. ரூபாய்க்குக் கணக்கு இருந்தது. அரிசி மூட்டைக்குக் கணக்கு இருந்தது. மூட்டையைச் சுமந்த முதுகுக்கு? சட்டசபையில் இந்தியருக்கெனச் சில இடங்கள் இருந்தன, வணிகர் பேசினர். ஈராண்டு உழைத்து ஊர் திரும்பும் கூலியாள், அந்த வாதத்திலே பேசுபொருளாக இருந்தான், பேசுபவனாக இல்லை. 1938-இல் மீண்டும் கலகம். 1941-இல் இரு அரசுகளும் குடியேற்ற ஒப்பந்தம் செய்தன. நேற்றுவரை ஒரே நாட்டுக்குள் வேலை தேடிச் சென்றவன், இனி அனுமதிச் சீட்டும் கட்டணமும் தேடவேண்டியவனானான்.

1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது, காடும் மலையும் கடந்து கால்நடையாக ஓடிவந்தவர் பல லட்சம். வழியில் மடிந்தவர் பல்லாயிரம். அது போரின் கொடுமை; பிரிவினையின்மேல் அந்தப் பழியைப் போடுவது நேர்மையாகாது. ஆனால் 1964-இல், கடைகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கிய நே வின் ஆட்சியிலே, உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திரும்பினரே, அதற்கு எந்தப் போர் காரணம்? இங்கு இருப்பவன் யார், அவனுக்கு என்ன உரிமை என்பதை, அடுத்தடுத்து வந்த ஒப்பந்தங்களிலும் எவரும் உறுதியாக எழுதி வைக்கவில்லை. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் தோன்றிய பர்மா பஜாருக்குப் பொருள் வாங்கச் செல்வோர், அந்தப் பெயரை ஒருமுறை நின்று படிக்கவேண்டும்.

யாரைக் கேட்பது, யாரை விடுவது என்பதைப் பற்றி நம் வட்டாரத்திலேயே கல்லில் ஒரு பாடம் இருக்கிறது. பெயரில் மட்டும் நகரமான பெருநகரிலே பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்பவர்கள் நாம். அருகிலுள்ள உத்தரமேரூரின் குடவோலை பாடத்தில் வரும். பெருமையோடு சொல்லித் தருவோம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்புகள், குடத்திலே ஓலைகள், ஓலையை எடுக்கச் சிறுவன் ஒருவன். சென்ற ஆண்டு ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “ஐயா, ஓலையில் பெண்கள் பெயரும் இருந்ததா?”

இல்லை, அம்மா. பெண்ணின் பெயர் இல்லை. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவன் பெயரே குடத்துக்குள் சென்றது. ஏர் பிடித்தவன் பெயர் இல்லை. நாற்று நட்டவள் பெயர் இல்லை. ஆனாலும், அந்தச் சபை எடுத்த முடிவுகள் அவர்கள் முதுகிலும் விழுந்தன! குடத்தின் அழகைப் புகழ்வோர், குடத்துக்கு வெளியே நின்றவரை எண்ணுவதில்லை.

பிரிட்டனின் குடத்தையும் பாருங்கள். அந்நாட்டிலே வாழ்ந்து, உழைத்து, வரி கட்டிய ஏறத்தாழ 30 லட்சம் ஐரோப்பியருள், அயர்லாந்து, மால்டா, சைப்ரசு நாட்டார் நீங்கலாக, எவர்க்கும் 2016-இல் வாக்கு இல்லை. அவர்களுடைய வாழ்வு வாக்கெடுப்புக்கு விடப்பட்டது; அவர்கள் வாக்கெடுக்கப்படவில்லை!

“பெரும்பான்மையின் தீர்ப்பே முடிந்த முடிபு அல்லவா?” என்பர். வண்டி எந்தப் பக்கம் செல்வது என்று பெரும்பான்மை முடிவு செய்யட்டும், ஏற்கிறோம். வண்டியில் இருப்பவனை வழியில் தள்ளிவிடலாமா என்பது வாக்கெடுப்புக்கு உரிய பொருளே அன்று.

“அனைவர்க்கும் கணக்குத் தீர்த்தபின்தான் பிரியலாம் என்றால், அடிமை என்றைக்கு விடுதலை பெறுவான்? ஆண்டான் கணக்கை முடிக்கவே மாட்டானே!” என்றும் கேட்பர். இது வலிமையான கேள்வி, தள்ளிவிட முடியாது. பிரிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘துரோகம்’ என்று கூவும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். 1962-இல் மாநிலங்களவையிலே தன்னுரிமைக்காக அறிஞர் அண்ணா வாதாடியதையும், 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வந்தபின் கோரிக்கை கைவிடப்பட்டதையும் அறிந்தவர்கள்தாமே நாம்! ஆகவே கூறுகிறோம்: இடையில் நிற்பவனுக்குப் பிரிவைத் தடுக்கும் உரிமையைத் தரச் சொல்லவில்லை. அவனுக்கு என்ன நேரும் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுதிக் காட்டுங்கள் என்கிறோம். தடுப்பது வேறு, கணக்குக் கேட்பது வேறு.

அது முடியாத செயலும் அன்று. இத்தனை குழப்பத்துக்கு இடையிலும் பிரிட்டனின் பேரத்திலே ஒரு நன்மை உண்டு. பணக் கணக்கோடு சேர்த்து முதற்கட்டத்திலேயே குடியிருப்போரின் உரிமையையும் பேசினர். ஏற்கெனவே வாழ்பவர் விண்ணப்பித்துத் தொடர்ந்து வாழலாம் என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. வாக்கு மறுக்கப்பட்டவனுக்கு வாழ்வேனும் எழுத்திலே கிடைத்தது. 1937-இன் பர்மாவிலே அதுவும் கிடைக்கவில்லை.

உத்தரமேரூர்க் கல்லிலே நாம் போற்றிக் கொள்ளவேண்டிய விதி ஒன்றும் உண்டு. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும், மீண்டும் குடத்துக்குள் வரக்கூடாது! வாரந்தோறும் ஐரோப்பாவுக்கு 35 கோடி பவுன் போகிறது என்று பேருந்தின்மேல் எழுதி ஊர்சுற்றினர் விலகல் பிரசாரகர்; அது மக்களைத் தவறான வழியில் செலுத்தும் கணக்கு என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது. அந்தக் கல்லின் விதி அங்கே இருந்திருந்தால், எத்தனை ஓலைகள் குடத்துக்கு வெளியே கிடந்திருக்கும்!

தோழர்களே! ‘இணைவோம்’ என்று ஒருவர் வருவார். ‘பிரிவோம்’ என்று மற்றொருவர் வருவார். இருவரிடமும் கொடியைப் பார்க்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். நிலத்துக்கும் கிணற்றுக்கும் அவர்கள் விடை வைத்திருப்பார்கள். திண்ணையைச் சுட்டிக் காட்டிக் கேளுங்கள்: “அந்தப் பாட்டியை யார் வைத்துக் காப்பாற்றுவது?”