எது உன் பிறந்தநாள்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் கடலூருக்குள் வந்தது. ராத்திரி, சிதம்பரத்தில் என் அம்மா வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரை நட்சத்திரம்.

அது எனக்கு வசதியாகப் போயிற்று. தேதிப்படி, தேவனாம்பட்டினத்தில் ஜனங்கள் கடலில் பால் ஊற்றி அழும் நாள். நட்சத்திரப்படி, நடராஜருக்கு ஆருத்ரா தரிசனம். நான் சிதம்பரத்தையே பிடித்துக்கொண்டேன். களி கிண்டுவேன், புதுப் பாவாடை, கீழவீதிக் கூட்டம். ஊரே கொண்டாடும்போது நாமும் கொண்டாடினால் யார் கேட்கப்போகிறார்கள்? அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். பயம்தான் அது.

"கடவுள் எங்களைக் காப்பாத்தினார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, எதிரே கூடையோடு நின்ற மீன்காரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படியென்றால் அவள் பிள்ளையை? அதற்கப்புறம் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. நன்றியைக்கூட யார் முன்னால் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்து வயசில் அவள் கேட்டாள்: "நான் தப்பான நாள்ல பொறந்துட்டேனாம்மா?" "நட்சத்திரம்தாண்டி கணக்கு" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

இப்போது 21. இந்தத் தடவை 26ஆம் தேதி காலையில் தனியாகத் தேவனாம்பட்டினம் போய், அந்தக் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தாள். சாயங்காலம் அவளே கேக் வாங்கி வந்தாள்.

"இன்னிக்கா?" என்றேன்.

"காலைல அழுதவ சாயங்காலம் சிரிக்கக் கூடாதாம்மா?"

கத்தியை என் கையில் கொடுத்தாள். மணல் இன்னும் அவள் காலில் ஒட்டியிருந்தது.